அங் மோ கியோ சீன மருந்தகம்: ஊசிக்குப் போகலாம், பொட்டலத்துக்கு யோசிக்கணும்

அப்பாவின் இடுப்பு வலிக்கு அக்குபங்சர் ஊசி போட்டுக்கொள்ளச் சில மாதங்களாக இந்த மருந்தகத்துக்குப் போய் வருகிறோம். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் ஒன்றின் கீழ்த்தளம், பக்கத்தில் காப்பிக்கடை, வாசலில் எப்போதும் நாலைந்து தள்ளுவண்டியும் ஊன்றுகோலும். பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் குறை சொல்லப்போகும் விஷயம் இங்கே மட்டும் நடப்பதில்லை, பெயரைப் போட்டால் இந்த ஒரு கடைதான் மோசம் என்று ஆகிவிடும். அரசு பலதுறை மருந்தகத்தில் மாதா மாதம் மாத்திரை வாங்கிக்கொண்டே, பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னார் என்று சின்சேவிடமும் (சீன வைத்தியரிடமும்) போக நினைக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள்.

முதலில் நல்லது. மருத்துவர் இளம் பெண், பெய்ஜிங்கில் படித்தவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார். பதிவுச் சான்றிதழ் சுவரில் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபிறகு பாரம்பரியச் சீன மருத்துவர்கள் வாரியத்தில் பதிந்துகொண்டவர்கள்தான் இங்கே சின்சேவாகத் தொழில் செய்யலாம். வாரியத்தின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும், போவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அப்பாவுக்கு அதுவரை ஒன்றும் புதிதில்லை, ஊரில் வைத்தியரும் இப்படித்தான் பிடிப்பார் என்று என் காதில் சொன்னார். அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது. "அங்கிள், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

சாப்பிடுகிறார். இதயத் துடிப்பு சீராக இல்லாததால் வார்ஃபரின். கடைசியாக எடுத்த ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) எவ்வளவு, எந்தத் தேதியில் எடுத்தது என்று கேட்டார், நான் கைப்பேசியில் காட்டினேன், எழுதிக்கொண்டார். கண்ணாடிக் கிண்ணம் வைத்து உறிஞ்சும் வைத்தியம் உங்களுக்கு வேண்டாம், தோலுக்கடியில் ரத்தம் கட்டும் என்று அவரே தள்ளிவிட்டார். அது தனிக் கட்டணம் உள்ள வைத்தியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்த பணத்தை வேண்டாம் என்று சொல்லும் கடைக்கு என்னிடம் எப்போதும் ஒரு மதிப்பு உண்டு.

ஊசி என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: தலைமுடியைவிடச் சில மடங்கு தடிமன், அவ்வளவுதான். மூடிய உறையை நம் கண்முன்னே பிரிக்கிறார்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊசியை வைத்து, குழாயைத் தோலில் அழுத்தி, மேல் நுனியை விரலால் ஒரு தட்டு. சுருக்கென்று ஒரு நொடி. அதற்கப்புறம் ஊசியை மெல்லத் திருகும்போது உள்ளே ஒரு கனமான, மந்தமான வலி பரவும், அது வந்தால்தான் சரியாக இறங்கியிருக்கிறது என்பார்கள். பிறகு இரண்டிரண்டு ஊசியாகக் கம்பி மாட்டி லேசாக மின்சாரம் விடுகிறார்கள், இடுப்புத் தசை தானாகத் துடிப்பதை அப்பா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க முயன்று இரண்டு தடவை திட்டு வாங்கினார். மேலே ஒரு வெப்ப விளக்கு. மணி அடித்ததும் ஊசியை எடுத்து, எங்களுக்கு மட்டும் பஞ்சைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்கிறார், வார்ஃபரின் காரணமாக. எடுத்த ஊசிகளை எண்ணித்தான் மஞ்சள் டப்பாவில் போடுகிறார்.

பலன்? வலி போகவில்லை, குறைந்திருக்கிறது. சந்தையில் மீன்கடை வரிசையில் உட்கார இடம் தேடாமல் நிற்கிறார். ஆனால் மருத்துவமனை இயன்முறை மருத்துவர் கொடுத்த பயிற்சிகளையும் அதே சமயத்தில்தான் ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தார், எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க எனக்கு வழியில்லை.

அதைப் பிரிக்கத்தான் ஆய்வுகள் இருக்கின்றன. இடுப்பு வலிக்கு நல்ல பெரிய ஆய்வு ஒன்று ஜெர்மனியில் நடந்து 2007இல் வெளிவந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறைப்படி சீன ஊசி, இன்னொன்றுக்கு அக்குபங்சர் புள்ளியெல்லாம் பார்க்காமல் வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்திய ஒப்புக்கு ஊசி, மூன்றாவதற்கு வழக்கமான மாத்திரையும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முறையான ஊசியில் 47.6 விழுக்காட்டினருக்குப் பலன், ஒப்புக்கு ஊசியில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. அதாவது ஊசி போட்டுக்கொண்டவர்கள் இரு பிரிவிலும் நன்றாகவே தேறியிருக்கிறார்கள், ஆனால் எந்தப் புள்ளியில் குத்தினார்கள் என்பது பெரிதாக வித்தியாசம் செய்யவில்லை. சுவரில் தொங்கும் அந்த மனித உருவப் படத்தில் அத்தனை புள்ளிகளும் கோடுகளும் எதற்கு என்று எனக்குத் தோன்றியது, மருத்துவரிடமே கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. அந்த ஆய்வு தெரியும், ஒப்புக்குக் குத்தினாலும் உடம்பு சும்மா இருக்காது, அது வெறும் சர்க்கரை மாத்திரை மாதிரி இல்லை என்றார். பதில் முழுத் திருப்தி இல்லை, ஆனால் அது நியாயமான பதில்.

இனி குறை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய சுவரொட்டி. இதயம் ஒன்றின் படம், பக்கத்தில் மூலிகைகள், மேலே கொட்டை எழுத்தில் 'நவீன மருத்துவத்துடன் இணைந்து, ஆய்வில் நிரூபிக்கப்பட்டது', கீழே ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழின் பெயர். காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலையில்லாமல் அந்த ஆய்வைத் தேடிப் படித்தேன். ஆய்வு உண்மையானதுதான், அதுவும் சாதாரணமானதில்லை. தோங்சின்லோ என்ற கேப்சூல், சீனாவில் 124 மருத்துவமனைகளில் கடுமையான மாரடைப்போடு வந்த 3777 பேர், 2023 அக்டோபரில் வெளியானது. பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு அதே மாதிரி போலிக் கேப்சூல், யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. முதல் 30 நாளில் இதய மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் போலிப் பிரிவில் 5.2 விழுக்காடு, அசலில் 3.4. ஓராண்டு முடிவிலும் அந்த இடைவெளி நின்றது. கேப்சூலுக்குள் ஜின்செங் வேரோடு அட்டை, தேள், பூரான், சிள்வண்டின் தோல் எல்லாம் உண்டு, சைவர்கள் மன்னிக்கவும்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இதுதான்: எல்லா நோயாளிகளுக்கும் மாரடைப்புக்கான வழக்கமான நவீன சிகிச்சை இரு பிரிவிலும் கொடுத்தார்கள், கேப்சூல் அதன் மேல் கூடுதலாகத்தான். யாரையும் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லவில்லை. மருந்து தொடர்பான பக்கவிளைவு அசல் பிரிவில் கூடுதலாக இருந்ததையும், பெரும்பாலும் வயிற்றுத் தொல்லை, மறைக்காமல் போட்டிருக்கிறார்கள். இதய பலவீனத்துக்கான சிலிச்சியாங்சின் என்ற இன்னொரு கேப்சூலையும் இதே முறையில் 3000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2024இல் நேச்சர் மெடிசின் இதழில் போட்டார்கள். இதய மரணமும் மருத்துவமனையில் மறுபடி சேர்வதும் சேர்ந்து 30 விழுக்காட்டிலிருந்து 25க்கு இறங்கியது, ஆனால் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணத்தைத் தனியாக எடுத்தால் வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

சரி, அந்தக் கேப்சூல் இங்கே விற்கிறதா என்று மேசையில் இருந்த அக்காவைக் கேட்டேன். இல்லையாம். அவர்கள் விற்பது சொந்தக் கலவை, 'அதே தத்துவம்தான்' என்றார். தத்துவத்தை யாரும் 124 மருத்துவமனையில் சோதிக்கவில்லை! ஒரே கம்பெனியின் இரண்டு மருந்துக்கே ஒன்றின் சான்று இன்னொன்றுக்குச் செல்லாது. தோங்சின்லோவைத் தயாரிக்கும் யீலிங் கம்பெனிதான் லியன்ஹுவா சிங்வென் கேப்சூலையும் தயாரிக்கிறது. கொவிட் காலத்தில் அதற்கு இங்கே என்ன கிராக்கி இருந்தது என்று நினைவிருக்கும். 2021இல் நம் சுகாதார அறிவியல் ஆணையம், அது சளி, காய்ச்சல் அறிகுறிகளுக்கு மட்டும்தான், கொவிட்டுக்கு அனுமதிக்கவில்லை என்று அறிவிக்க வேண்டிவந்தது.

சுவரொட்டியோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை எங்கள் மருத்துவர் விடுப்பு, வேறொரு மூத்த சின்சே இருந்தார். நாடி பார்த்தார், ஊசி போட்டார், வார்ஃபரின் பற்றிக் கேட்கவே இல்லை. போகும்போது மேசையில் ஒரு வாரத்துக்கான பொட்டலங்கள் தயாராக இருந்தன, பழுப்புத் தூள், வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், 'ரத்த ஓட்டத்துக்கு நல்லது'. உள்ளே என்னென்ன என்று அச்சடித்த சீட்டைக் கேட்டு வாங்கினேன், கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. இரண்டாவது வரியில் டான்ஷென் என்ற மூலிகை. அது வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐஎன்ஆர் ஏறும், ரத்தக்கசிவு வரலாம் என்பது மருந்தாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான்காவது வரியில் டாங்குய் என்ற வேர், அதுவும் அதே ரகம். பலதுறை மருந்தகத்து மருந்தாளரிடம் சீட்டைக் காட்டினேன், அவர் பேச்சே எடுக்காமல் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். திருப்பிக் கொண்டுபோனால், கலந்து கட்டிய பொட்டலத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்றார்கள். திங்கட்கிழமை எங்கள் மருத்துவர் வந்ததும் பார்த்துவிட்டு வருத்தம் தெரிவித்தார், அப்பாவின் அட்டையில் சிவப்புப் பேனாவால் 'வார்ஃபரின், மூலிகை வேண்டாம்' என்று எழுதினார். அது முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய வரி.

எனக்கு இதில்தான் ஆதங்கம். இரண்டு மருத்துவத்தையும் சேர்க்கிறோம் என்று எல்லாரும் பேசுகிறார்கள், ஆய்வுகளில் அது நிஜமாகவே நடக்கிறது, நோயாளி விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையையும் ஒரே கோப்பில் குறித்துவைக்கிறார்கள். கடையில் அந்தக் கோப்பு யார்? நான்தான். அப்பாவின் மருத்துவமனைப் பதிவு சின்சேவின் கணினியில் தெரியாது. பலதுறை மருந்தக மருத்துவர் கடைசி நிமிடத்தில் 'சீன மருந்து ஏதாவது?' என்று கேட்டு, 'ஊசி மட்டும்' என்றால் அதோடு விட்டுவிடுகிறார். இரண்டு பேரும் தனித்தனியே கெட்டிக்காரர்கள், ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளை கூடப் போகாத தாத்தா பாட்டிக்கு யார் சீட்டு வாங்கிப் படிப்பது? அதனால் நான் ஹெல்த்ஹப் என்ற அரசு சுகாதாரச் செயலியில் உள்ள மருந்துப் பட்டியலை ஒவ்வொரு தடவையும் திறந்து மேசையில் வைத்துவிடுகிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

மூலிகை என்றால் அரசு கண்டுகொள்வதில்லை என்று நினைக்க வேண்டாம். பச்சிளம் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையைக் கூட்டும் என்ற கவலையில் பெர்பரின் என்ற மூலிகைப் பொருள் உள்ள சீன மருந்துகளை 1978இல் தடை செய்து, 2013இலிருந்துதான் படிப்படியாகத் தளர்த்தினார்கள். கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் அது மருந்தைப் பார்க்கிறது, அந்த மருந்து எந்த மாத்திரையோடு யார் வயிற்றில் போய்ச் சேர்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

செலவு: ஊசிக்குத் தடவைக்கு 50 வெள்ளி சொச்சம், பொட்டலம் தனி. மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) செல்லாது, ரொக்கமோ பேநௌ மின்கட்டணமோ. அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் அக்குபங்சர் உண்டு, மருந்தும் ஊசியும் ஒரே கூரைக்குள் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு உத்தமம். செலவு தாங்காது என்றால் சின் சுவீ சாலையில் தோங் சாய் இருக்கிறது, 1867 முதல் இன மத பேதம் பாராமல் இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடம். என் மாமியார் அங்கே போயிருக்கிறார், வரிசை நீளம்.

மதிப்பெண் (ஐந்துக்கு): ஊசிக்கு 4, எங்கள் மருத்துவருக்கு 4.5, பொட்டலத்துக்கு 1.5, சுவரொட்டிக்குப் பூஜ்யம். அப்பா தொடர்ந்து போகிறார், ஊசிக்கு மட்டும். போகிறவர்கள் வார நாளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள், கூட்டம் இருக்காது. சனிக்கிழமை என்றால் முன்பதிவு செய்யும்போதே எந்த மருத்துவர் இருப்பார் என்று கேட்டுவிடுங்கள்.