மிச்சச் சோற்றைச் சூடாக்க மைக்ரோவேவா, இட்லிப் பானையா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு மைக்ரோவேவ் ஐந்து மாதத்துக்கு முன் பழுதானது. புதிது வாங்கும்வரை இட்லிப் பானையில் சமாளிக்கலாம் என்று தொடங்கினேன். இன்னும் வாங்கவில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை.

வேகத்தில் மைக்ரோவேவ்தான் முன்னால். ஒரு தட்டுச் சோறு இரண்டு மூன்று நிமிடத்தில் சூடாகிவிடும். இட்லிப் பானைக்குக் கால் மணி நேரம் வேண்டும். வேலை முடிந்து இரவில் தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு மைக்ரோவேவே வசதி.

ஆனால் நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் என் முடிவை மாற்றியது சூடு பரவும் விதம்தான். மைக்ரோவேவ் அலைகள் உணவுக்குள் சில சென்டிமீட்டர்தான் இறங்கும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை. ஓரத்துச் சோறு காய்ந்து விறைத்திருக்கும், நடுவில் தொட்டால் சில்லென்று இருக்கும். பாதியில் நிறுத்திக் கிளறி, எடுத்த பிறகும் ஒரு நிமிடம் மூடி வைத்தால் சரியாகும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுமை யாருக்கும் இருந்ததில்லை.

ஆவி பாத்திரத்தைச் சுற்றிலும் சூழ்ந்துகொள்ளும், சோற்றின் ஈரமும் போகாது. கடையில் பாவ் என்ற சீன ஆவி ரொட்டி நாள் முழுக்க மெத்தென்று இருப்பது ஆவியால்தானே! இடியாப்பமும் புட்டும் அப்போதுதான் செய்ததுபோல் வரும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஆழமான டப்பாவில் சோற்றை அமுக்கி வைத்தால் ஆவியிலும் நடுப்பகுதி சூடாகாது. அகலமான எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு உதிர்த்துப் பரப்புங்கள். மூடியில் மெல்லிய துணி கட்டினால் நீர் சொட்டிக் குழையாது. அடித் தண்ணீரில் கொஞ்சம் புளி போட்டால் அலுமினியப் பானை கறுக்காது.

அப்புறம், எவர்சில்வரில் மஞ்சள் கறை ஏறாது, குழம்பு வாடையும் தங்காது. கறை ஏறிய பிளாஸ்டிக் டப்பா இருந்தால் கழுவி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள், பெரும்பாலும் வெளுத்துவிடும்.

எதில் சூடாக்கினாலும், இரவு முழுக்க வெளியே கிடந்த சோறு வேண்டாம். அதில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமி விடும் நச்சு ஒன்று கொதிக்க வைத்தாலும் அழியாது. நம்மூர் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுவேன். மறுநாளே, நடுப்பகுதியும் ஆவி பறக்கும்வரை, ஒரே ஒரு தடவைதான் சூடாக்குவேன்.

கறிக்குழம்புக்கு இரண்டுமே வேண்டாம், சட்டியில் ஊற்றி அடுப்பில் கொதிக்க விடுவதே நல்லது. பொரித்த கோழியும் வடையும் ஆவியில் சவசவத்துப் போகும். அக்கா வீட்டு ஏர் ஃபிரையரில் வடையை இரண்டு தடவை சூடாக்கிப் பார்த்தேன், மொறுமொறுப்பாகவே வந்தது. கோழியை அதில் இன்னும் வைத்துப் பார்க்கவில்லை.