மியூனிக்ல உள்வாடகைக்கு ரூம் எடுக்கறவங்க, பணம் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

3,400 யூரோ போச்சு. வந்த புதுசுல என் கையில அவ்ளோ பணம் ஏது, திருச்சியில அப்பா அம்மாவோட வளையலை அடகு வெச்சு அனுப்பினது அது. இன்னும் திருப்பல.

போன வருஷம் ஆகஸ்ட் கடைசில வேலைக்காக மியூனிக் வந்தேன். கம்பெனி குடுத்த ரூம் ஒரு மாசத்துக்குத்தான், அதுக்குள்ள வீடு பாத்துக்கணும். எழுபது எண்பது பேருக்கு மெசேஜ் போட்டிருப்பேன், பதில் வந்தது நாலு. அதுல ஒண்ணு பாக்கப் போனா மூணாவது மாடி வரைக்கும் படியிலயே ஆளுங்க நிக்கறாங்க, ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு ஃபைல், அதுல மூணு மாச சம்பள சிலிப், ஷூஃபா ரிப்போர்ட் எல்லாம். ஷூஃபான்னா நம்ம ஊரு சிபில் மாதிரி. வந்து மூணு வாரம்கூட ஆகாதவன்கிட்ட இதெல்லாம் எப்படி இருக்கும்? அதுவும் அக்டோபர்ல காலேஜ் தொறக்குது, ஸ்டூடன்ட்ஸும் அதே நேரத்துல தேடிட்டு இருக்காங்க.

அந்த நிலைமையில தான் தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தரைப் பாத்தேன். தமிழ் ஆளு, பத்து வருஷமா இங்கதான் இருக்கேன்னாரு. மோசாக் பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட், மாசம் 850. "வாங்க தம்பி, மொதல்ல சாப்பிடுங்க"ன்னு ரசம் சாதம் போட்டாரு, மூணு வாரம் பிரெட்டும் சீஸும் தின்ன எனக்கு அந்த ரசமே போதுமா இருந்துச்சு. மூணு மாச அட்வான்ஸ் 2,550, மொத மாச வாடகை 850, எல்லாம் கேஷா வேணும்னாரு. ரசீது கேட்டதுக்கு "நமக்குள்ள என்ன தம்பி ரசீது"ன்னாரு. சென்னையில பத்து மாச அட்வான்ஸ் எல்லாம் கேட்டுப் பழகின நமக்கு மூணு மாசம்னா கம்மியாத்தான் தெரியும், அங்கதான் நான் ஏமாந்தேன். ஜெர்மனி சட்டப்படி அட்வான்ஸ் அதிகபட்சம் மூணு மாச கால்ட்மீட்டே தான், அதாவது ஹீட்டர், தண்ணி செலவெல்லாம் சேக்காத வாடகை. அதையும் மூணு தவணையா கட்டலாம், மொத்தமா கேக்க முடியாது. இது எதுவுமே எனக்கு அப்போ தெரியாது.

குடி போனதும் அன்மெல்டுங் பண்ணணும், ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸைப் பதிவு பண்றது. அதுக்கு வீடு குடுத்தவரு கையெழுத்து போட்ட ஒரு ஃபார்ம் கட்டாயம் வேணும். இன்னைக்குத் தரேன், நாளைக்குத் தரேன், ஊருக்குப் போயிட்டு வந்து தரேன்னு தள்ளிட்டே போனாரு. இதை நல்லா கவனிங்க: உள்வாடகைக்கு விடறவரே அந்த ஃபார்ம்ல கையெழுத்து போடலாம். போட மாட்டேங்கறாருன்னா பெரும்பாலும் ஓனருக்குத் தெரியாம விட்டிருக்காருன்னு தான் அர்த்தம்.

இன்னொண்ணு, லெட்டர் பாக்ஸ். இங்க கதவு நம்பர் பாத்து லெட்டர் போட மாட்டாங்க, பாக்ஸ்ல பேரு இருந்தாத்தான் போடுவாங்க. நான் ஒரு பேப்பர்ல என் பேரை எழுதி அவரு பேருக்குக் கீழ செலோடேப் போட்டு ஒட்டினேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா கிழிச்சிருக்கு, டேப் மட்டும் ஓரத்துல ஒட்டிட்டு இருக்கு. அவருதான், தன்னோட லெட்டர் எடுக்க வந்தப்போ கிழிச்சிருக்காரு. கேட்டா "பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா பிரச்சனை தம்பி"ன்னாரு. இன்ஷூரன்ஸ் கார்டு திரும்பிப் போச்சு. அட்ரஸ் பதியாததால வரி நம்பர் வரல, வரி நம்பர் இல்லாததால இருக்கறதுலயே அதிகமான 6ஆம் வகுப்புல வரி புடிச்சு, அந்த மாச சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேல தான் வந்துச்சு. ரொம்ப கேட்டதுக்கு அப்புறம், 300 யூரோ குடுத்தா ஃப்ரெண்ட் அட்ரஸ்ல பதிஞ்சு தரேன்னாரு. தயவுசெஞ்சு அதை மட்டும் யாரும் பண்ணிடாதீங்க. குடியிருக்காத அட்ரஸ்ல பதியறது குத்தம், அப்படி அட்ரஸ் குடுக்கறவங்களுக்கு 50,000 யூரோ வரைக்கும் ஃபைன் இருக்கு.

ஏழாவது வாரம் சாயங்காலம் பெல் அடிச்சாங்க. பில்டிங்கைப் பாத்துக்கற கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு. அவருக்கு எப்பவோ நோட்டீஸ் குடுத்தாச்சு, மாசக் கடைசில காலி பண்ணணும்னாங்க. என் பேரே அவங்களுக்குத் தெரியல. ஷூகூட கழட்டாம அங்கயே நின்னு அவருக்கு ஃபோன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட எடுக்கல.

வாடகைதாரர் சங்கத்துல மெம்பர் ஆகி வக்கீலைப் பாத்தேன். ஓனர்கிட்ட எனக்கு எந்த உரிமையும் இல்லையாம், அட்வான்ஸை அவருகிட்ட தான் கேக்கணுமாம். கையில இருக்கற ஒரே ஆதாரம் "பணம் வாங்கிட்டேன் தம்பி"ன்னு அவரு போட்ட ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். அதை வெச்சுத்தான் போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன். நடந்துட்டு இருக்கு.

இப்போ எழுதறதுக்குக் காரணம், போன வாரம் ஒரு விளம்பரத்துல அதே பச்சை சோஃபா, அதே சமையல் மேடை. மேல கீறல் விழுந்த அதே அடுப்பு. ஏரியா மட்டும் வேற போட்டிருக்கு, வாடகை 900. "அன்மெல்டுங் அப்புறம் பாத்துக்கலாம்"னு தமிழ்லயே எழுதியிருக்கு. நீங்க அதுக்கு மெசேஜ் போட்டிருந்தீங்கன்னா பணம் குடுக்காதீங்க, என்கிட்ட பேசுங்க, அவரு எனக்குப் போட்ட மெசேஜ் எல்லாத்தையும் காட்டறேன்.