ஒரு டிரங்குப் பெட்டியில் எத்தனை கொள்ளையர்?

மாம்பழ சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டு மாடி அறை என்னுடையது இல்லை. கிருஷ்ணகிரியில் தோப்பு வைத்திருக்கும் வீடுகளில் இது சகஜம்தான். செந்தூராவும் மல்கோவாவும் வைக்கோலுக்குள் படுத்துப் பழுக்க வேண்டும், அதற்கு ஓர் அறை வேண்டும். இந்த வருடம் அம்மா ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டார்: "உன் பொம்மைய எல்லாம் ஒரே பொட்டிக்குள்ள அடக்கிடு. மிச்சம் இருந்தா நான் அடக்குவேன்."

பொம்மை என்று அவர் சொன்னது 217 கடற்கொள்ளையர்களை. எல்லாம் வார்கேம் என்கிற மேஜைப் போர் விளையாட்டு ஆடுவதற்கான குட்டி உருவங்கள், எல்லாவற்றுக்கும் நானே பெயிண்ட் அடித்தேன். கடலோரமே இல்லாத மாவட்டத்தில் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்தவை. நாங்கள் பார்த்த பெரிய தண்ணீர் கே.ஆர்.பி. அணை, இன்னும் கொஞ்சம் போனால் ஒகேனக்கல் பரிசல். இருந்தும் மாதம் ஒரு ஞாயிறு ஓசூரில் நாலு பேர் கூடி, மேஜையில் நீலத் துணியை விரித்து, கரீபியன் கடலில் சண்டை போட்டுக்கொள்வோம்.

பெட்டி எது என்பதில் பேச்சே இல்லை. அப்பா காலத்து இரும்பு டிரங்குப் பெட்டி. பொம்மையின் பேஸுக்கு அடியில் காந்தத் தகடு ஒட்டியிருப்பதால் இரும்பில் நின்றுகொள்ளும். நெருக்கி நிறுத்தினால் நூறு பேருக்கு இடம் உண்டு. பாதிக்கு மேல் வெளியேற வேண்டும்.

முதல் நாள் நான் செய்தது முட்டாள்தனம். எது அழகாக இருக்கிறதோ அதை எடுத்து ஒரு பக்கம் வைத்தேன். ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால் வரிசையில் பதினெட்டு கேப்டன்கள், துடுப்புப் போட ஒருத்தன் இல்லை. மறுநாள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, எதில் செய்தது என்று பார்த்துப் பிரித்தேன். உலோகம் 84, கெட்டி பிளாஸ்டிக் 52, வளைகிற மெத்து பிளாஸ்டிக் 48, திரவமாக இருந்து இறுகிக் கெட்டியாகிற ரெசின் 33. இப்படிப் பிரித்த பிறகுதான் போட்டி யாருக்கும் யாருக்கும் என்பதே தெரிந்தது.

உலோகத்துக்கு என் மனதில் தனி இடம் உண்டு, முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஒயிட் மெட்டல் என்பது பெரும்பாலும் வெள்ளீயக் கலவை, பழைய வார்ப்புகளில் காரீயமும் நிறைய இருக்கும். சுழலும் ரப்பர் அச்சில் உருக்கி ஊற்றுகிறார்கள். ரப்பர் வளைந்து கொடுப்பதால் தொப்பிக்கு அடியில் முகம், கோட்டுக்கு உள்ளே கச்சை, கச்சையில் செருகிய கைத்துப்பாக்கி எல்லாம் ஆழமாக வரும். கெட்டி பிளாஸ்டிக்குக்கு இரும்பு அச்சு, அது வளையாது. நேராகத் திறந்து எடுக்க முடிகிற வடிவம்தான் வரும், அதனால் கோட்டின் மடிப்பு சில இடத்தில் தட்டையாக, கோடு போட்ட மாதிரி இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயிண்ட் பிரஷ் பிடித்த எவனும் உலோகத்தைத்தான் எடுப்பான்.

ஆனால் பஸ்ஸில் ஏற்றிப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி தாண்டி ஓசூர் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பிரேக், எத்தனை குலுக்கல். கனமான உலோக ஆள் காந்தத்தை விட்டு வழுக்கிப் பக்கத்தில் இருப்பவன் மேல் சாய்கிறான். மூக்கு நுனியிலும் தொப்பி ஓரத்திலும் பெயிண்ட் உதிர்ந்து ஈயம் பளபளக்கும். நீளத் துப்பாக்கி வைத்திருப்பவன் பாடு அதைவிட மோசம். ஹிஸ்பானியோலா தீவில் மாடு, பன்றி வேட்டையாடிய பக்கனீர்கள் ஆளுயரத்துக்குக் கிட்ட நீளமான துப்பாக்கி வைத்திருந்தவர்கள், அதை அப்படியே வார்த்திருக்கிறார்கள். ஒரு தடவை வளைந்தால் நிமிர்த்தலாம். இரண்டாவது தடவையும் நிமிர்த்தலாம். மூன்றாவது தடவை கையோடு வந்துவிடும். கெட்டி பிளாஸ்டிக் ஆள் எடையே இல்லாதவன், காந்தம் அவனை விடாது. மேஜையிலிருந்து விழுந்தால் உருண்டு போய் சோபாவுக்கு அடியில் கிடப்பான், அவ்வளவுதான். கை ஒடிந்தாலும் பிளாஸ்டிக் சிமென்ட் ஒரு சொட்டு போதும். அது பசை மாதிரி ஒட்டுவதில்லை, இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. உலோகத்தை சூப்பர் குளூவால் ஒட்டினால், அந்த ஒட்டு அடியும் தாங்காது, சூடும் தாங்காது. எங்கள் மாடிக்கு மேலே சீட்டுக் கூரைதான், சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. உலோக ஆட்களில் மட்டும் ஒன்பது கை, இரண்டு கிளி, ஒரு மரக்கால் பெட்டிக்கு அடியில் தனியாகக் கிடந்தன.

உலோகத்துக்கு இன்னொரு வியாதி உண்டு. அது என் தப்பால் வந்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆரம்பத்தில் வாங்கிய பழைய செகண்ட்ஹேண்ட் ஆட்கள் முப்பது பேரை மாம்பழம் அனுப்புகிற மரப்பெட்டியில், செய்தித்தாள் சுற்றி, மூடி போட்டு வைத்திருந்தேன். பெட்டி சும்மா கிடந்தது, அவ்வளவுதான் யோசித்தது. இந்த வாரம் திறந்தால் ஒருவனுடைய பூட்ஸில் பெயிண்ட் கொப்புளம் விட்டிருந்தது. நகத்தால் தொட்டதும் ஓடு மாதிரி கழன்று உள்ளே வெள்ளை மாவு. மரமும் அட்டையும் காகிதமும் அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் அது காரீயத்தைத் தின்று, காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து ஈயக் கார்பனேட்டாக மாற்றிவிடும். வெள்ளீயம் அதிகமுள்ள புதுக் கலவைக்கு இந்தத் தொல்லை இல்லை. எது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். பெயிண்ட் இல்லாத அடிப்பாகத்தை வெள்ளைத் தாளில் தேய்த்தால், காரீயம் பென்சில் மாதிரி சாம்பல் கோடு போடும். முப்பதில் இருபத்தொரு பேர் கோடு போட்டார்கள். அந்த மாவு விஷம். கையுறை போட்டு, ஈரத்துணியால் துடைத்து, ஜிப் கவரில் கட்டி ஒதுக்கினேன். இவர்களில் யாரும் டிரங்குப் பெட்டிக்குள் போகவில்லை.

மெத்து பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1/72 அளவு, அதாவது அஞ்சரை அடி ஆள் 23 மில்லிமீட்டர் வருவான். மற்றவை எல்லாம் கண் வரைக்குமே 28 மில்லிமீட்டர் என்று சொல்லி விற்பவை. பக்கத்தில் நிறுத்தினால் அப்பனும் பிள்ளையும் மாதிரி இருக்கும். பாலித்தீன் என்பதால் பெயிண்ட் பிடிக்காது, வாள் வளைந்த இடத்தில் எல்லாம் உதிரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஒரு கோட் கொடுத்துவிட்டு மேலே அடித்தவை மட்டும் தப்பித்திருந்தன. அப்படிப் பன்னிரண்டு பேர். மேஜையில் தூரத்துப் படகில் உட்கார வைத்தால், தூரத்தில் இருப்பதால் சிறிதாகத் தெரிகிறான் என்று கண் ஏமாறும். அந்த வேலைக்கு அவர்களை விட்டால் ஆள் இல்லை.

ரெசினில் இரண்டு ஜாதி. அச்சில் ஊற்றிய பழைய ரெசின் ஒன்று, வீட்டு 3டி பிரிண்டரில் ஒளியால் இறுக்கிய ரெசின் இன்னொன்று. முதல் ஜாதி வெயிலில் வாளைத் தொங்கப் போடும். சூடு தண்ணீரில் முக்கி நேராக்கி, குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் சரியாகிவிடும். இரண்டாவது ஜாதிதான் மனசைக் கெடுப்பது. நுணுக்கம் என்றால் அதுதான் நுணுக்கம், சட்டைப் பொத்தானுக்கு ஓட்டைகூடத் தெரியும். ஆனால் வெயில் படப் பட இன்னும் இறுகி உடையக்கூடியதாகிவிடும். உள்ளே குடைந்து அச்சடித்ததில் இறுகாத ரெசின் தங்கிவிட்டால், மாதக் கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் பொம்மையின் காலைப் பிளந்துகொண்டு கசியும். என்னிடம் மேரி ரீட் ஒருத்தி இருந்தாள். 1720-ல் ஜமைக்காவுக்குப் பக்கத்தில் ராக்கம் என்ற கேப்டனோடும் ஆன் பானி என்ற இன்னொரு கொள்ளைக்காரியோடும் பிடிபட்டவள். அவளுக்கு மூன்று வாரம் பெயிண்ட் அடித்தேன். கன்னத்தில் வெயில் பட்ட சிவப்பு, நகத்தில் அழுக்கு, எல்லாம். வாள் இரண்டு தடவை முறிந்துவிட்டது, இத்தனைக்கும் யாரும் தொடவில்லை.

பெயிண்ட்டைக் கழற்றி மறுபடி அடிக்கலாமே என்று ஓசூர் நண்பர் போனில் கேட்டார். இதிலும் நாலும் நாலு விதம். உலோகத்துக்குப் பயமே இல்லை, தின்னரில்கூடப் போடலாம். கெட்டி பிளாஸ்டிக்கைத் தின்னரில் போட்டால் கூழாகிவிடும், அதற்கு டெட்டால். தண்ணீர் கலக்காமல் ஒரு நாள் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் டெட்டாலிலேயே தேய்த்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோனால் பெயிண்ட் பிசினாகி ஒட்டிக்கொள்ளும், ஒரு தடவை பட்டிருக்கிறேன். வீடு முழுக்க வாடை பரவி, "யாருக்குடா அடிபட்டுச்சு?" என்று அம்மா மாடிப்படி பாதி ஏறிவிட்டார். ரெசினை நான் எதிலும் ஊறப் போடுவதில்லை. மெத்து பிளாஸ்டிக்குக்கு எதுவும் தேவையில்லை, அதுவே உதிர்த்துக்கொள்ளும்.

கடைசியில் முடிவு பண்ண உதவியது லீவுக்கு வந்திருந்த அக்கா பையன். காரீயம் இல்லாதவர்களில் பன்னிரண்டு பேரை மேஜையின் ஒரு முனையில் நிறுத்தி, அவனை மறுமுனையில் உட்கார வைத்து, "இதுல யாருடா கேப்டன்?" என்றேன். மேரி ரீட் நடுவில் நின்றாள். அவன் கண் அவளைத் தாண்டி, ஒரே சாயங்காலத்தில் நான் அடித்து முடித்த உலோக பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் மேல் போய் நின்றது. ராபர்ட்ஸ் 1722 பிப்ரவரி 10-ல் ஆப்பிரிக்கக் கரையில், ஸ்வாலோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலோடு மோதிச் செத்தவன். அன்றைக்குக் கருஞ்சிவப்புப் பட்டு உடுப்பும், தொப்பியில் சிவப்பு இறகும், கழுத்தில் வைரச் சிலுவையுமாக நின்றான் என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அடித்ததும் அவ்வளவுதான்: ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு மை, ஊசி முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி. "அந்த செவப்புச் சட்டைதான் மாமா. அந்தக்கா யாரு, சமையல்காரங்களா?" மூன்று வார வேலை ஒரு மீட்டர் தள்ளிப் பார்த்தால் வெறும் பழுப்பு. பையனைத் திட்ட வாய் வரவில்லை.

அதற்கப்புறம் கை வேகமாக வேலை செய்தது. சுடுகிறவன், துடுப்புப் போடுகிறவன், செத்துச் செத்து மேஜையை விட்டு எடுக்கப்படுகிறவன் எல்லாம் கெட்டி பிளாஸ்டிக்: 47. நாங்கள் அதிகம் ஆடும் பிளட் அண்ட் பிளண்டரில் ஆள் கூட்டமாகத்தான் நகரும், அங்கே இவனை ஜெயிக்க யாரும் இல்லை. பெயர் உள்ளவர்கள், கையில் எடுத்தால் கனக்க வேண்டியவர்கள் உலோகம்: 31. தாடிக்குள் திரி புகைய நிற்கும் பிளாக்பியர்டு லேசாக இருந்தால் எனக்கு ஒப்பாது. இது நியாயமான காரணம் இல்லை என்று தெரியும். படகுக்கு மெத்து பிளாஸ்டிக் 12. ரெசினில் 6, எல்லாம் அச்சில் ஊற்றிய பழைய ஜாதி. மொத்தம் 96. மிச்சமுள்ள நாலு இடத்தில் ஒடிந்த கைகளையும் கிளிகளையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

மேரி ரீட் ஓசூர் நண்பரின் கண்ணாடி அலமாரிக்குப் போகிறாள். அவர் வீட்டில் ஏசி இருக்கிறது.

நேற்று அம்மா மாடிக்கு வந்து சுற்றிப் பார்த்தார். அறை காலி, டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில். ஓரத்தில் அந்தப் பழைய மரப்பெட்டி மட்டும் கிடந்தது. "நல்ல பொட்டி, செந்தூராவுக்கு ஆச்சு" என்று குனிந்தார். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அதில் பழம் வைக்கக் கூடாது, உள்ளே ஈய மாவு உதிர்ந்திருக்கிறது, அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத்தினி வருசமா இதுக்குப் பக்கத்துலயா படுத்துக் கெடந்த? போய் மொதல்ல கையக் கழுவு."