புறக்கோட்டையில் ‘கடிபட்ட’ ஐந்து ரூபா வாங்கப் போகிறீர்களா?

ஐந்து ரூபா நாணயக் குத்தி ஒன்றை 4,500 ரூபா கொடுத்து வாங்கியிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மிச்சத்தையும் வாசியுங்கள். விற்றவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, கொழும்புப் புறக்கோட்டை நடைபாதையில் பழைய காசு பரப்பி வைத்திருந்தவரிடம் நின்றேன். டச்சுக்காரன் துட்டு, ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட சதம், எல்லாம் வழக்கமான சாமான்தான். அப்புறம் சட்டைப்பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே மஞ்சள் ஐந்து ரூபா. பிஸ்கட்டைக் கடித்த மாதிரி ஓரத்தில் பிறைவடிவில் ஒரு துண்டு இல்லை. “அடிக்கிற இடத்திலேயே பிழைச்சு வந்தது தம்பி” என்றார்.

இப்படிப் பிழை உண்மையிலேயே வரும். நான் விழுந்ததும் அதனால்தான். நாணயச்சாலையில் நீளத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வெட்டி எடுப்பார்கள். தகடு போதிய தூரம் நகராவிட்டால், வெட்டுகிற கருவி ஏற்கெனவே விழுந்த ஓட்டைமேல் பாதி ஏறி விழும். வருகிற வட்டத்தில் ஒரு கடி. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்த அரைகுறையைத்தான் 4,500 ரூபாவுக்கு விற்றார்.

செட்டியார் தெருவில் நகை வேலை செய்கிற நண்பனிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணில் லென்ஸை வைத்தவன் கேட்டது ஒன்றுதான்: “இதுக்குப் பூச்சு எப்ப போட்டவங்கள்?”

அங்கேதான் விஷயம். 2005இலிருந்து வந்த மஞ்சள் ஐந்து ரூபா உருக்குக் காசு. மேலே பித்தளைப் பூச்சு மட்டும். வெட்டி, ஓரம் உயர்த்திய பிறகுதான் பூச்சு. அதற்கும் பிறகுதான் அச்சு. அப்படியானால் கடிபட்ட இடத்திலும் பித்தளை ஏறியிருக்க வேண்டும். என் காசில் அவன் நகத்தால் சுரண்ட, மஞ்சள் வார்னிஷ் உரிந்து வந்தது. அடியில் வெள்ளை உருக்கு, அதில் அரம் போன கோடுகள். ஒரு கிழமை மேசையில் கிடந்ததில் கோடு கோடாகத் துருவும் ஏறிவிட்டது. கொழும்பு உப்புக்காற்று அல்லவா!

இன்னொன்றும் காட்டினான். உண்மையான கடி என்றால் அதற்கு நேர் எதிர்ப்பக்க ஓரம் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். ஓரம் உயர்த்தும் இயந்திரம் இரு பக்கமும் அழுத்தினால்தான் வேலை நடக்கும். கடிபட்ட பக்கத்தில் பிடிக்க ஒன்றுமில்லையே. சேகரிப்பாளர்கள் இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். என் காசில் எதிர் ஓரம் சும்மா கிண்ணென்று நின்றது. கடிக்கு அருகிலுள்ள எழுத்தும் இழுபட்டு மங்கவில்லை, கத்தி வைத்த மாதிரிப் பாதியில் நின்றது.

2005க்கு முந்தைய மஞ்சள் ஐந்து ரூபா முழுக்க நிக்கல் பித்தளை, காந்தம் பிடிக்காது. அதில் பூச்சுச் சோதனை உதவாது, எதிர் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறிப் பள்ளமாக விழுந்த காசு என்று காட்டினால் மறுபக்கத்தைப் பாருங்கள். அது நசுங்கியிருந்தால் இரண்டு காசை வைஸ் இடுக்கியில் வைத்து நெரித்த வேலை.

அடுத்த ஞாயிறு திரும்பப் போனேன். “நான் குடுத்த காசு இது இல்லையே தம்பி” என்றார், முகம் மாறாமல். உறையில் இன்னும் இரண்டு வைத்திருந்தார். இரண்டிலும் கடி ஒரே அளவு, ஒரே இடம், என்னுடையதைப் போலவே.