பெட்டி வீட்டில், மவுண்டு மட்டும் சென்னைக்கு: ஹெச்பி 432ஏ அனுபவம்

மைக்ரோவேவ் சக்தியை அளக்க எழுபதுகளில் ஆய்வகம்தோறும் புழங்கிய ஹெச்பி 432ஏ பவர் மீட்டரையும், அந்தச் சக்தியை உணரும் அதன் 478ஏ தெர்மிஸ்டர் மவுண்டையும் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். முதலில் சேலம் அம்மாப்பேட்டையில், இப்போது ஏற்காட்டில். கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் வரும்போதெல்லாம், "என்ன சார், இன்னும் இந்தப் பெட்டியைத்தான் நம்புகிறீர்களா?" என்பார். நம்பவில்லை, சரிபார்க்கிறேன். இந்தப் பெட்டியில் அதற்கு வழி இருக்கிறது.

மவுண்டுக்குள் இருக்கும் தெர்மிஸ்டரை, அதாவது சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பை, நேர்மின்னோட்டத்தால் சூடாக்கி, மீட்டர் 200 ஓமில் நிறுத்தி வைக்கிறது. மைக்ரோவேவ் சக்தி உள்ளே வந்து எவ்வளவு சூடேற்றுகிறதோ, அவ்வளவு நேர்மின் சக்தியை மீட்டர் குறைத்துக்கொள்கிறது. குறைத்த அளவுதான் நாம் படிக்கும் அளவு. பின்புறம் வி-ஆர்எஃப், வி-காம்ப் என்று இரண்டு பிஎன்சி சாக்கெட்டுகள் உண்டு. தரை இணைப்பு இல்லாத நல்ல டிஜிட்டல் வோல்ட்மீட்டரை இரண்டின் நடு முனைகளுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். வி-காம்ப் 5 வோல்ட் அளவில் இருந்தால், 1 மில்லிவாட்டுக்கு ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் வித்தியாசம் வரவேண்டும். முள் ஒன்று சொல்லி, கணக்கு வேறொன்று சொன்னால் கோளாறு மீட்டர் பக்கம். நான் இதைப் பார்க்காமல் எந்த அளவையும் குறித்து வைப்பதில்லை.

ஆனால் வாசலில் வந்த மைக்ரோவேவ் சக்தியில் எத்தனை சதவீதம் தெர்மிஸ்டரைச் சேர்ந்தது என்பதை வோல்ட்மீட்டர் சொல்லாது. ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் அது மாறும். அதை ஆய்வகம்தான் அளந்து தர முடியும். ஆகவே கனமான பெட்டியைக் கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கிக்கொண்டு போவதில்லை. உள்ளங்கையில் அடங்கும் மவுண்டு மட்டும் சென்னைக்குப் போய் வருகிறது. செலவும் குறைவு.

அம்மாப்பேட்டையில் தறிப் பஞ்சுதான் தொல்லை. மின்விசிறி உள்ள கருவிகளின் வடிகட்டியில் பஞ்சு மெத்தையாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். ஏற்காட்டில் பஞ்சு இல்லை, பனி இருக்கிறது. வெள்ளி முலாம் கறுக்கிறது, பித்தளை ஃபிளாஞ்சுகளில் (இணைப்பு விளிம்புகளில்) பச்சை பூக்கிறது. எல்லா வாய்களுக்கும் மூடி, அலமாரியில் சிலிக்கா ஜெல். அது நீலத்திலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறினால் சூடாக்கித் திரும்ப வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அலமாரிக்குள் ஒரு சிறிய குண்டு பல்பு எரிவது இதைவிட நல்ல பலன் தருகிறது.

மலையின் மெல்லிய காற்றால் கேவிட்டி அலைவெண்மானி (உலோகக் குழிவைக் கொண்டு அதிர்வெண்ணை அளக்கும் கருவி) தவறாகக் காட்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். மாறத்தான் செய்யும். வெற்றிடத்துக்கும் காற்றுக்குமே 10 கிகாஹெர்ட்ஸில் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையில் அதில் ஒரு சிறு பங்குதான் தேறும். டயலைப் படிப்பதில் வரும் பிழை அதைவிடப் பெரிது.

கவலைப்பட வேண்டியது கனெக்டரைப் பற்றித்தான். 'N' டைப் கனெக்டரில் 75 ஓம் வகையின் நடுத் துளை சிறியது. அதில் 50 ஓம் ஊசியைச் செருகினால் துளையின் உலோக விரல்கள் விரிந்துபோகும், பிறகு சேராது. பூட்டும்போது சுற்ற வேண்டியது வெளிவளையத்தை மட்டும். உடலைத் திருப்பினால் நடு ஊசி அரைபடும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தால் போதும். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள்.

பழைய 478ஏ வாங்கப் போகிறவர்கள் மீட்டரோடு இணைத்து, ஜீரோ நிற்கிறதா என்று பாருங்கள். கையில் பிடித்த சூட்டுக்குச் சற்று நகர்வது இயல்பு. குமிழைக் கடைசிவரை திருப்பியும் ஜீரோவுக்கு வராவிட்டால், யாரோ தாங்கும் அளவுக்கு மேல் சக்தியைச் செலுத்தியிருக்கக்கூடும். சராசரி 30 மில்லிவாட்தான் அதன் எல்லை. அந்த மவுண்டை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். நல்லது கிடைத்தால், அதற்கு முன்னால் போட, சக்தியைக் குறைத்து அனுப்பும் ஒரு 20 டெசிபெல் அட்டெனுவேட்டரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.