ஸ்டார் வார்ஸ்: ஆறு வயதுப் பிள்ளைக்கு எதைக் காட்டலாம், எதைத் தள்ளிவைக்கலாம்

‘ஸ்டார் வார்ஸ்’ ஹாலிவுட் விண்வெளிப் பட வரிசையில், ஆறிலிருந்து எட்டு வயதுக்கு முதலில் வந்த மூன்று படங்கள் போதும்: 1977, 1980, 1983. பார்ப்பதும் அதே வரிசையில்தான். ‘எபிசோட் 1’ என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது 1999-ல் வந்த படம். வரி, வர்த்தகத் தடை, செனட் என்று பெரியவர்களையே கொட்டாவி விடவைக்கும். அதைவிட முக்கியம், அங்கே தொடங்கினால் வில்லன் டார்த் வேடர் யார் என்ற ரகசியம் புஸ்வாணமாகிவிடும். 1980 படத்தின் உயிரே அந்த ரகசியம் உடையும் காட்சிதான். 2005 படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13 சான்று, அதாவது 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனம் தேவை. இந்த வரிசையில் அதுதான் முதல் முறை. சிறுவர்களைக் கொல்லும் இடம் அதில் உண்டு. பன்னிரண்டு வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம்.

முதல் படம் 121 நிமிடம். ஒரே மூச்சில் உட்காரவைக்காதீர்கள். ஃபால்கன் என்ற விண்கப்பல் பாலைவனக் கிரகத்தை விட்டுப் பறக்கும் இடம் ஏறக்குறைய பாதி. அங்கே நிறுத்தி மறுநாள் தொடரலாம். தொடக்கத்தில் மேலே நகரும் மஞ்சள் எழுத்துகளைப் பிள்ளையால் வாசிக்க முடியாது. ரிமோட்டில் நிறுத்தி மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள்: கெட்ட ராஜ்யம், பெரிய ஆயுதம், திருடப்பட்ட அதன் வரைபடத்தோடு தப்பிக்கும் இளவரசி. ஆடியோ பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று படத்துக்குப் படம் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ரோபோ ஆர்டூ-டிடூவின் ‘பீப்’ ஒலிக்கும் உடம்பெல்லாம் ரோமம் உள்ள சூபாக்காவின் உறுமலுக்கும் எந்த மொழியும் தேவையில்லை.

டெல்டாப் பிள்ளை கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கதாநாயகன் லூக்கின் மாமா அந்தப் பாலைவனக் கிரகத்தில் காற்றிலிருந்து ஈரத்தை அறுவடை செய்கிறார். மேட்டூர் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று வளர்கிற பிள்ளைக்கு இது புரியாது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை முன்னால் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்தச் சோதனை தோற்காது. “இந்த ஒரு போகம் மட்டும் இருந்துட்டுப் போடா” என்கிற மாதிரி மாமா லூக்கைத் தடுப்பதற்கு விளக்கமே வேண்டாம்.

பயப்படும் இடங்களை முன்பே தெரிந்துவைத்திருங்கள். முதல் படத்தில் சுமார் 40-வது நிமிடத்தில் எரிந்த வீட்டு வாசலில் இரண்டு கருகிய உடல்கள் தெரியும். பத்து விநாடி தள்ளிவிட்டால் போதும். இரண்டாம் படத்தில் பனிக்குகை மிருகம், குளிருக்காகச் சவாரி விலங்கின் வயிற்றைக் கிழிப்பது, கை துண்டாவது. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் வீடுகளில் அந்த வயிற்றுக் காட்சி வரும்போது தட்டு காலியாக இருப்பது நல்லது. இந்தப் படம் பாதியில் நிற்பதுபோல் முடியும். 1980-ல் பார்த்தவர்கள் மூன்று வருடம் காத்திருந்தார்கள். உங்கள் பிள்ளை மூன்று நாள்கூடத் தாங்காது. வார விடுமுறைக்கு இரண்டாம், மூன்றாம் படங்களைச் சேர்த்தே திட்டமிடுங்கள். மூன்றாம் படத்தில் கடத்தல் கும்பல் தலைவன் ஜாபாவின் மாளிகைப் பகுதி சற்று நீளம். அதைத் தாண்டினால் காட்டுக்குள் கரடிக்குட்டி மாதிரி ஈவோக்குகள். பிள்ளைகள் அங்கே எழுந்து குதிப்பார்கள்.

மாதாந்திர மின்தடை நாளில் பார்ப்பதாக இருந்தால் டிவி பிளக்கும் வைஃபை பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல வீடுகளில் விளக்கும் ஃபேனும் மட்டுமே இருக்கும்.

படம் முடிந்ததும் அதில் வருகிற ஒளிவாள் கேட்பார்கள். திருவிழாக் கடையில் கிடைக்கும், இழுத்தால் நீளும் பிளாஸ்டிக் வாள் நாலு முறை அடித்தாலே இணைப்பில் விரிசல் விடும். ஏசி செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு ஸ்பான்ஞ் குழாயே மேல். அரை இஞ்ச் பிவிசி பைப் இறுக்கமாக நுழையும் அளவில், தடித்ததாகக் கேளுங்கள். கைப்பிடிக்கு முக்கால் அடி பைப். அதில் பாதி ஸ்பான்ஞ்சுக்குள் போகட்டும். வாள் பகுதி இரண்டு அடிக்கு மேல் போனால் தொங்கும். பைப்பை முனைவரை விடாதீர்கள், மண்டை வீங்கும். மேலே இன்சுலேஷன் டேப்: லூக்குக்கு நீலம், வேடருக்குச் சிவப்பு. பச்சை டேப்பை மூன்றாம் படம் பார்க்கும்வரை ஒளித்துவையுங்கள்; லூக்கின் பச்சை வாள் அதில்தான் வரும்.