அங்கன்வாடி டீச்சருக்கு எது கைகொடுக்கும்: 14416-ஆ, மாதக் கூட்டமா?

கடலூர் மாவட்டத்து அங்கன்வாடியில் வழக்கமாக ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். உதவியாளர் இடம் காலியானால் சமையல், பிள்ளைகள், எடை பார்ப்பது, போஷன் டிராக்கர் (ஊட்டச்சத்து விவரம் ஏற்றும் அரசு செயலி) பதிவு எல்லாம் ஒருவர் தலையில்தான்.

இந்த மனச்சுமையைச் சொல்லி அழ ஒரு வழி, 2022 அக்டோபரில் வந்த அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை டெலி மானஸ், எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பரங்கிப்பேட்டையிலிருந்து யார் அழைத்தார் என்று மேற்பார்வையாளருக்குத் தெரியப்போவதில்லை. தூக்கமே போய்விட்டது, சாகத் தோன்றுகிறது என்றால் யோசிக்காமல் இதைத்தான் அழைக்க வேண்டும். ஆனால் காலிப் பணியிடத்தை ஆலோசகரால் நிரப்ப முடியாது.

அன்றாடச் சலிப்புக்கு நான் இன்னொரு வழியைத்தான் சொல்வேன்: டீச்சர்கள் கூடும் மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் மனம்விட்டுப் பேச ஒதுக்குவது. ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்ததையும், கடிபட்ட பிள்ளையின் அம்மா சண்டைக்கு வந்ததையும் பக்கத்து மைய டீச்சருக்கு விளக்கவே வேண்டாம். "எனக்கும் அப்படித்தான்க்கா" என்றாலே பாதி பாரம் இறங்கிவிடும். அப்புறம், லீவு போட்டால் மையத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் பேசி வைப்பதும் அங்கேதான் நடக்கும். ஒரே நிபந்தனை, அந்த அரை மணி நேரம் மேற்பார்வையாளர் டீ குடிக்கப் போய்விட வேண்டும். அதிகாரி எதிரில் யார் புலம்புவார்கள்?